இரண்டாவது கான்

“பச்சையாத்தானே எரியுது. பிறகென்ன?” என்றான் சதீஸ்.

சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையை அவன் கையால் காட்டினான். பால் சங்கத்தின் சேகரிப்பு நிலையங்கள் எல்லாம் அதில் ஒவ்வொரு பொட்டாகத் தெரிந்தன. மாங்குளம் பச்சை, ஒட்டுசுட்டான் பச்சை, நெடுங்கேணி பச்சை, மல்லாவியும் பச்சை. கிளிநொச்சியில் இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் அவன் நடத்திய அந்தச் சின்ன மென்பொருள் கொம்பனிக்கு அந்தத் திரைதான் சாமிப்படம். யார் படியேறி வந்தாலும் சதீஸ் முதலில் அதைத்தான் காட்டுவான். பிறகுதான் கதிரையைக் காட்டுவான்.

அங்கே புரோகிராம் எழுதும் யதுர்ஷிகா போனைக் காதில் வைத்தபடி அவனைப் பார்த்தாள். மறுபக்கத்தில் மல்லாவியிலிருந்து அருந்ததி கதைத்துக்கொண்டிருந்தாள். அங்கே பாலை அளந்து, கொண்டுவந்தவரின் அங்கத்தவர் அட்டையைப் பார்த்து, சங்கம் கொடுத்த போனில் பதிகிறவள் அவள்தான்.

“பிள்ளை, கேக்குதே? இண்டைக்கும் அதே கதைதான்.”

“என்ன காட்டுது அக்கா? எழுத்தை ஒருக்கா வாசியுங்கோ.”

“என்னத்தை வாசிக்கிறது, எனக்கு மனப்பாடம். ‘சிறு தடங்கல் ஏற்பட்டுள்ளது. தயவுசெய்து சற்று நேரம் கழித்து முயற்சிக்கவும்.’ நல்ல வடிவான தமிழ். சற்று நேரம் கழிச்சுப் பாத்தன். பேந்தும் கழிச்சுப் பாத்தன். பால் ஏத்திற பவுசர் வண்டி போயிட்டுது. பால் திரைஞ்சு போச்சு.”

“எல்லாருக்குமே இப்பிடி வருது?”

“சிலபேருக்கு வருது, சிலபேருக்கு வரேல்லை. அது அதின்ரை இஷ்டம். அதை விடும், இதைக் கேளும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோடை எங்கடை நிலையத்தை மூடப் போகினமாம்.”

“ஆர் சொன்னது?”

“முகாமையாளர் பொன்னையா ஐயாதான். மல்லாவிச் சனம் பால் தாறதில்லையாம், பவுசர் பாதி வெறுமையா ஓடுதாம். நான் சொன்னன், ஐயா, சனம் கொண்டு வருகுது, போன்தான் பதிவை எடுக்குதில்லை எண்டு. அவர் உங்கடை திரையைப் பாத்துப்போட்டு, அங்க ஒரு பிழையும் இல்லை, பச்சையாக் கிடக்கு, நீ பொய் சொல்லுறாய் எண்டு சொல்லிப்போட்டார். இனி மாங்குளத்துக்குச் சைக்கிளிலை கொண்டுபோறதெண்டால் வழியிலேயே தயிராயிடும். பிள்ளை, உம்மைத்தான் நம்பி இருக்கிறன்.”

போன் வைபட்டது. யதுர்ஷிகா திரையைப் பார்த்தாள். மல்லாவி பச்சையாக, நல்ல பிள்ளை மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

“சதீஸ் அண்ணா, உந்தப் பச்சை பொய்.”

“காலமை தேத்தண்ணி குடிச்சனியே?”

“பகிடி விடாதேங்கோ. ஒரு நிலையத்தையே மூடப் போகினம். அங்க என்ன பிழை வருது எண்டு எனக்குத் தெரியோணும். சேர்வரிலை பிழையெல்லாம் பதியிற லொக்கைப் பாத்தன், ஒண்டுமில்லை. ஒரு வரி கூட இல்லை.”

“லொக்கை நான்தான் நிப்பாட்டினனான். டிஸ்க் நிரம்பி வழியுது.”

“எப்ப?”

“சங்கத்துக்கு டெமோ காட்ட முதல்.”

அந்த ஜாவா புரோகிராமில் அவள் கை படாத இடம் குறைவு. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் புரோகிராம் ஒரு எக்செப்ஷனை எறியும். யாராவது பிடிக்கவேண்டும். யாரும் பிடிக்காவிட்டால் அது நேரே பாவனையாளரின் திரையில் போய்ச் சிவப்பு எழுத்தில் சிந்தும். முன்பு ஒவ்வொரு பகுதியும் தன் பிழையைத் தானே பிடித்து, தனக்குத் தெரிந்த மாதிரி ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்று ஆங்கிலத்தில் சொல்லும், ஒன்று அரைத் தமிழில் சொல்லும், இன்னொன்று வாயே திறக்காது. அதையெல்லாம் பிடுங்கி எறிந்து, எந்த மூலையில் பிழை வந்தாலும் ஒரே இடத்துக்கு வந்து சேருகிற மாதிரி கிளாஸ் என்கிற தனிப் பகுதி ஒன்றை எழுதியவள் யதுர்ஷிகா. அந்த ஒரே இடத்துக்குள் பிழைக்கொரு பதில் வைத்திருந்தாள். அட்டை இலக்கம் பிழையென்றால் அது ஒரு பதில், டேட்டாபேஸ் படுத்துவிட்டால் அது வேறு பதில்.

அந்தக் கிளாசை இப்போது திறந்தாள். அவள் எழுதியவை எதையும் காணோம். ஒரே ஒரு ஹான்ட்லர் நின்றது. எது வந்தாலும் அது பிடிக்கும், பிடித்துவிட்டு அந்த வடிவான தமிழ் வசனத்தைச் சொல்லும்.

“இதை ஆர் செய்தது?”

“நான்தான்,” என்றான் சதீஸ், கொஞ்சம் பெருமையாகவே. “நீதானே ஒரே இடம், ஒரே இடம் எண்டு நிண்டனி. நான் அதை இன்னும் சுருக்கினன்.”

“ஒரே இடத்திலை பிடிக்கச் சொன்னன். ஒரே பதிலைச் சொல்லச் சொல்லேல்லையே.”

“கிளையண்டுக்கு என்னத்துக்கு எங்கடை வீட்டுச் சண்டை? பொன்னையாவுக்கு முன்னாலை ஒருநாள் சிவப்பெழுத்து வந்து நான் வெக்கத்திலை வேர்த்து நிண்டது மறந்து போச்சே? இப்ப பார், எவ்வளவு மரியாதையாச் சொல்லுது.”

“அரசாங்கக் கச்சேரி வாசலிலை நிக்கிற பியோன் மாதிரிச் சொல்லுது. காணிக்கு வந்தவனுக்கும் ஐயா இல்லை பிறகு வாங்கோ, பென்சனுக்கு வந்தவளுக்கும் ஐயா இல்லை பிறகு வாங்கோ. வந்தவன் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு வரேல்லை எண்டால் அதைச் சொன்னால்தானே அவன் போய் எடுத்துக்கொண்டு வருவான்.”

“நல்ல பியோன்தான், சனம் சத்தமில்லாமல் போகுது.”

“சனம் போகும் அண்ணா. பால் நிக்குமே? சற்று நேரம் கழிச்சு வா எண்டு பாலுக்குச் சொல்லலாமே?”

சதீஸ் தலையைச் சொறிந்தான். அவள் இன்னொரு வரியைக் காட்டினாள்.

“இது வேறை. பிழைக்கு இருநூறு போட்டு அனுப்புறியள். இருநூறு எண்டால் எல்லாம் நல்லபடி முடிஞ்சுது எண்டு அர்த்தம். உள்ளுக்கை விழுந்து முழங்கால் உடைஞ்சு கிடக்கு, வெளியிலை சுகம், சுகம் எண்டு சொல்லுறியள். திரை அந்த இருநூறைத்தான் எண்ணுது. பச்சையா எரியாமல் என்ன செய்யும்?”

“நாலு நிலையத்துக்கும் பச்சை வந்தபடியால்தான் அவங்கள் இரண்டாம் கட்ட வேலையையும் எங்களுக்குத் தாறம் எண்டவங்கள். ஓடுற புரோகிராமிலை கை வையாதை யது. என்ன பிழை எண்டே உனக்குத் தெரியாது. தெரியாமல் என்னத்தைத் திருத்தப் போறாய்?”

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பிழை என்னவென்று தெரியாது, ஏனென்றால் தெரியவிடாமல் செய்தவன் பக்கத்துக் கதிரையில் இருந்து தெரியாது என்று சொல்கிறான்.

“நாளைக் காலமை மல்லாவிக்குப் போறன்.”

“லீவிலை போ,” என்றான் சதீஸ்.

---

முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது நிலையத்தின் தகரக் கொட்டிலுக்கு முன்னால் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் நின்றன. காரியர்களில் பால் கான்கள் கட்டியிருந்தன. அருந்ததி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அளந்துகொண்டிருந்தாள். யதுர்ஷிகாவைக் கண்டதும் அளவை நிறுத்தவில்லை.

“வந்திட்டீரே. உதிலை நில்லும். இண்டைக்கு உமக்குப் பயத்திலை அது ஒழுங்கா வேலை செய்யும், பாரும்.”

முதலில் வந்தவர்களுக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அட்டையைக் காட்டினார்கள், அருந்ததி இலக்கத்தைப் போட்டாள், அளவைப் போட்டாள், ‘பதியப்பட்டது’ என்று வந்தது. பால் பெரிய தாங்கிக்குள் போனது. பிறகு சுரேகா என்ற ஒரு பெண் வந்தாள். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் இரண்டு கான். முதல் கான் பதிந்தது. இரண்டாவது கானுக்கு அருந்ததி பொத்தானை அமத்தினாள். திரையில் அந்த வடிவான தமிழ் வந்தது.

“பாத்தீரே?” என்றாள் அருந்ததி. “சரி, ஏத்துங்கோ.”

ஏற்றுவது என்ன என்று யதுர்ஷிகாவுக்கு விளங்குவதற்குள் சுரேகா ஒரு நைலோன் கயிற்றை அவிழ்த்தாள். பக்கத்துப் புளியமரத்தின் உச்சிக் கொப்பின் மேலாகப் போன கயிறு அது. நுனியில் ஒரு பொலித்தீன் பை. அருந்ததி இன்னொருதரம் பொத்தானை அமத்தி, போனைப் பைக்குள் போட்டுக் கொடுக்க, சுரேகா கோயில் கொடியேற்றம் மாதிரி இழுக்கத் தொடங்கினாள். போன் ஆடி ஆடி மரத்தில் ஏறியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அக்கா, என்ன செய்யிறியள்?”

“சிக்னல் பிடிக்கிறம்.”

“சிக்னல் இஞ்ச முழுசாக் கிடக்கு. என்ரை போனைப் பாருங்கோ.”

“அப்ப ஏன் தடங்கல் எண்டு சொல்லுது? தடங்கல் எண்டால் சிக்னல்தானே. கொஞ்சம் பொறுத்துச் செய்யட்டாம். பொறுக்கிறதெண்டால் மேலை வைச்சுப் பொறுத்தால் நல்லம்தானே.”

“மரத்தை இந்தப் போனுக்காகத்தான் நாங்கள் தறிக்காமல் விட்டது,” என்றாள் சுரேகா.

போன் இறங்கி வந்தது. அதே வசனம். திரும்ப ஏற்றினார்கள். கானின் மூடியில் ஈ வந்து இருந்தது. வெயில் ஏறிக்கொண்டு வந்தது. யதுர்ஷிகா மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கான்களைப் பார்த்தாள். போன் கீழே இறங்கும்போதெல்லாம், ஒரு கானோடு வந்தவர்கள் பதிந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு கானோடு வந்தவர்கள் எல்லோரும் ஒரு கானோடு புளிக்குக் கீழே நின்றார்கள். ஒருவர் தப்பாமல்.

“அக்கா, இந்த இரண்டாவது கானுக்கு எந்த அட்டையைப் போட்டனீங்கள்?”

அருந்ததி கேளாத மாதிரி அளவுக் குவளையைக் கழுவினாள்.

“சுரேகாக்கா, நீங்கள் சொல்லுங்கோ.”

சுரேகா அருந்ததியைப் பார்த்தாள். அருந்ததி பவுசர் வருகிற வழியைப் பார்த்தாள்.

“ஒரே அட்டையே இரண்டுக்கும்?”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதர்தான் வாயைத் திறந்தார். தலையில் துவாய் கட்டியிருந்தார். “அது என் பாலுங்கம்மா. அந்தத் தங்கச்சி அட்டையில ஊத்துறேன். எனக்கு அட்டை இல்ல.”

“ஏன் இல்லை?”

“அட்டைக்குக் காணி பேர்மிட் கேக்குறாங்க. பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல, கலவரத்துல எங்களை அடிச்சு வெரட்டினப்ப எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டு இங்க வந்தாரு. காட்டை வெட்டிக் குடியிருந்தோம். இன்னைக்கு வரைக்கும் பேர்மிட் வரல. மாடு இருக்கு, காணி நம்ம பேர்ல இல்ல. என் பேரு மாயாண்டிங்க.”

“எங்கடை ஒழுங்கையிலை பாதிச் சனம் இப்பிடித்தான்,” என்றாள் சுரேகா. “அட்டை உள்ளவை அட்டை இல்லாதவையின்ரை பாலையும் ஊத்துவம். போன் வர முதலும் அதுதான் நடந்தது. எங்களுக்குள்ளை கணக்கைத் தீர்த்துக்கொள்ளுவம்.”

யதுர்ஷிகாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சங்கம் எழுதித் தந்த விதிகளில் ஒன்று அவளுக்கு நல்ல ஞாபகம். ஒரு அட்டைக்குக் காலையில் ஒரு பதிவு. அதே அட்டை இரண்டாம் தரம் வந்தால் டேட்டாபேஸ் ஏற்காது, எக்செப்ஷன் எறியும். அவள் எழுதிய பழைய ஹான்ட்லர் அதைப் பிடித்து, ‘இந்த அட்டைக்கு இன்று காலை ஏற்கெனவே பால் பதியப்பட்டுள்ளது’ என்று சொல்லியிருக்கும். ஒரே நாளில் விளங்கியிருக்கும். அதை அழித்துப்போட்டுச் சற்றுநேரம் கழித்து வா என்று சொல்லவைத்ததில் ஒரு ஊரே போனை மரத்தில் ஏற்றிக்கொண்டு நிற்கிறது.

“அருந்ததியக்கா, இத்தனை நாள் போனிலை கதைச்சம். ஒரே அட்டையிலை இரண்டு தரம் போடுறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் இருந்த இடத்திலையே பிடிச்சிருப்பனே.”

“நீர் கேட்டனீரே?”

“எனக்கு என்னண்டு தெரியும், கேக்கிறதுக்கு?”

“அதுவும் சொல்லேல்லையே. அட்டை பிழை எண்டு சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு வேறை வழி பாத்திருப்பன். அது தன்ரை தடங்கல் எண்டுதானே சொன்னது. தன்ரை பிழையை ஒத்துக்கொண்ட ஒண்டோடை நான் என்னத்துக்கு என்ரை பிழையைக் கதைக்க?”

“சரி. இப்ப கேளுங்கோ. நான் போய் இதைத் திருத்துவன். நாளைக்கு இரண்டாவது கானைப் போட்டால், ஏன் எடுக்கேல்லை எண்டு போன் சொல்லும். பால் வந்தது, திருப்பினது எண்டு கிளிநொச்சித் திரையும் சிவப்பாக் காட்டும். மல்லாவிச் சனம் பால் கொண்டு வரேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.”

“பொன்னையா ஐயாவும் பாப்பாரே?”

“பாப்பார்.”

“அப்ப நான் கள்ளமாப் பதிஞ்சனான் எண்டு வேலையை விட்டு நிப்பாட்டுவார். இவையின்ரை பாலையும் எடுக்காதை எண்டுவார். நிலையம் இருக்கும். மாயாண்டியற்றை பால் இராது. நல்ல திருத்தம் பிள்ளை, நல்லாத் திருத்தும்.”

யதுர்ஷிகா கொட்டிலின் தூணில் சாய்ந்தாள். அருந்ததி சொன்னது அவள் பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்க்காத ஒன்று. பிழையைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்று வந்தவள் அவள். இங்கே பிழைக்கு ஒரு முகமும் துவாயும் இருந்தன.

“திருத்தாமல் விட்டால்?” என்றாள்.

“வெள்ளிக்கிழமை மூடுவினம்,” என்றாள் சுரேகா. “எங்கடை பாலும் போகும்.”

எல்லோரும் மாயாண்டியைப் பார்த்தார்கள். அவருக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

“என்னை எதுக்குப் பாக்குறீங்க? நானா மூடுறேன்?” என்றார். பிறகு கானின் மூடியைத் திறந்து மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “போச்சு. இதை மறுபடி கன்னுக்குட்டிக்குத்தான் ஊத்தணும். கன்னுக்குட்டிக்கும் ஒரு வயிறுதானேம்மா இருக்கு. காட்டுங்க. காட்டினா என் பாலை வேணாம்னு வாயால சொல்லட்டும். இப்ப சொல்லாமலே வேணாங்குறாங்க.”

அருந்ததி குவளையைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்த விதத்தில் அவளுக்குச் சம்மதமில்லை என்பது தெரிந்தது, தடுக்கப் போவதில்லை என்பதும் தெரிந்தது.

---

“மரத்திலை ஏத்தினவையோ?” சதீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “படம் எடுத்தனியே?”

“சிரியுங்கோ. ஏத்தினது உங்கடை வசனம்.”

மத்தியானம் ஒபிஸ் வந்ததிலிருந்து அவள் எழும்பவில்லை. அழிந்து போனதைத் திரும்ப எழுதினாள். பாவனையாளர் திருத்தக்கூடிய பிழைக்கு ஒரு ஹான்ட்லர், அது என்ன, எப்படித் திருத்துவது என்று சொல்லும். இணைப்பு அறுந்தால் ஒரு ஹான்ட்லர், அதற்கு மட்டும்தான் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொல்லும். எங்களால் வந்த பிழைக்கு இன்னொன்று, அது எங்கள் பிழை, உடனே அழையுங்கள் என்று இலக்கம் கொடுக்கும். எதிலும் அகப்படாமல் வருவதற்குக் கடைசியில் சதீஸின் பொது ஹான்ட்லரை விட்டாள், வாயை மட்டும் மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் உண்மையான இலக்கம். ஒன்றுக்கும் இருநூறு இல்லை. இரண்டாவது கானுக்கு, ஏற்கெனவே உள்ளதோடு மோதுகிறது என்று சொல்லும் நானூற்று ஒன்பது. லொக் திரும்ப ஓடியது.

“யது, இதைப் போடாதை.”

“ஏன்?”

“வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலைதான் இரண்டாம் கட்டத்துக்கும் முடிவு எடுக்கினம். அதுக்கு முதல்நாள் திரை சிவப்பா எரிஞ்சால் நாங்கள் என்ன சொல்லுறது? பேந்து போடுவம். கூட்டம் முடியட்டும்.”

“கூட்டம் முடிஞ்சால் மல்லாவி இராது.”

“மல்லாவி எங்கடை கிளையண்ட் இல்லை. சங்கம்தான் கிளையண்ட்.”

“அண்ணா, ஒண்டு கேக்கிறன். நீங்கள் ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்யை நம்பி ஒருத்தர் இன்னொருத்தியைப் பொய்க்காரி எண்டு சொல்லுறார். உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையே?”

“நான் பொய் சொல்லேல்லை. மரியாதையாச் சொன்னன்.”

“சரி, நான் மரியாதையில்லாமல் சொல்லுறன். நீங்கள் போடவிடாட்டில் நான் பொன்னையா ஐயாவுக்குப் போன் எடுத்து, உங்கடை திரை பிழையை எண்ணுறேல்லை எண்டு வாயாலை சொல்லுவன். எது நல்லம் எண்டு நீங்களே பாருங்கோ.”

சதீஸ் எழும்பி யன்னலடிக்குப் போனான். கீழே லொறி ஒன்றில் இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை நின்றான்.

“போடு. உன்ரை பேரிலை போடு. நாளைக்கு வாறதை நீயே பார்.”

“என்ரை பேரிலைதான் போடுறன்.”

---

மறுநாள் காலை அவள் படியேறி வரும்போது சதீஸ் திரைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

“வா, வந்து உன்ரை தீபாவளியைப் பார்.”

மல்லாவி சிவப்பு. அதை அவள் எதிர்பார்த்தாள். மாங்குளம் சிவப்பு. ஒட்டுசுட்டான் சிவப்பு. நெடுங்கேணி மட்டும் கொஞ்ச நேரம் பச்சையாக நின்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. யதுர்ஷிகா லொக்கைத் திறந்தாள். எல்லா இடத்திலும் ஒரே எக்செப்ஷன். ஒரே அட்டை, இரண்டாம் தரம். மல்லாவியில் மட்டும் நடக்கிறது என்று அவள் நினைத்தது வன்னி முழுக்க நடந்துகொண்டிருந்தது. மற்ற நிலையங்களில் மாடும் அதிகம், பாலும் அதிகம், அதனால் குறைந்தது தெரியவில்லை. மல்லாவியில் தெரிந்தது, அவ்வளவுதான்.

பொன்னையா போன் எடுத்துக் கேட்கவில்லை, நேரே வந்துவிட்டார். சங்கத்தின் முகாமையாளர், மூச்சு வாங்கப் படியேறி வந்து, சதீஸ் காட்டுவதற்கு முன்னமே கதிரையில் இருந்தார்.

“என்னடாப்பா செய்து வைச்சிருக்கிறியள்? நேற்று வரைக்கும் நல்லா இருந்தது. இண்டைக்கு எல்லாம் பழுதாக்கிப்போட்டியள்.”

“ஐயா, அது யது...” என்று தொடங்கினான் சதீஸ்.

“நான்தான் ஐயா,” என்றாள் யதுர்ஷிகா. “இண்டைக்குப் பழுதாகேல்லை. நேற்றும் இவ்வளவு பால் திரும்பினது, முந்தநாளும் திரும்பினது. எங்கடை புரோகிராம் அதை மறைச்சுக்கொண்டு நிண்டது. பிழை எங்கடை.”

“என்ன, என்ன சொல்லுறீர்?”

“அருந்ததியக்கா உங்களுக்குச் சொன்னது உண்மை. சனம் பால் கொண்டு வருகுது. போன்தான் திருப்பி அனுப்புது.”

“ஏன் திருப்புது?”

“உங்கடை விதி. ஒரு அட்டைக்கு ஒரு பதிவு. அட்டை இல்லாத ஆக்கள் அயலவையின்ரை அட்டையிலை ஊத்தினம்.”

பொன்னையாவின் முகம் திரையின் நிறத்துக்கு வந்தது. “கள்ளம். அப்ப எல்லா இடமும் கள்ளம்.”

“கள்ளமெண்டால் மல்லாவியை மட்டும் என்னத்துக்கு மூடுறியள்? நாலையும் மூடுங்கோவன்.”

“யது,” என்றான் சதீஸ் மெல்ல.

“பொறுங்கோ அண்ணா. ஐயா, அந்த விதியை ஏன் போட்டனீங்கள்?”

“பாலுக்கை தண்ணி விட்டால் ஆரைப் பிடிக்கிறது? நாலு வீட்டுப் பாலை ஒரு அட்டையிலை ஊத்தினால் பிறகு ஒருத்தரும் பொறுப்பில்லை. அதுக்குத்தான் போட்டது. சும்மா போடேல்லை.”

“அது நியாயம். இவையும் சும்மா ஊத்தேல்லை. காணிப் பேர்மிட் இல்லாட்டில் அட்டை இல்லை எண்டு சொல்லிப்போட்டியள். மாட்டுக்குப் பேர்மிட் தெரியுமே? அது காலமை பால் குடுக்குது.”

பொன்னையா சட்டைப்பையிலிருந்து லேஞ்சி எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் திரையைப் பார்த்தார். மூடுவதென்றால் ஒன்றை மூடலாம். எல்லாம் சிவந்து நிற்கும்போது எதை மூடுவது?

“உந்தச் சிவப்பை எடுக்கேலாதே?” என்றார் கடைசியில், குரலை இறக்கி. “நாளைக்குக் கூட்டத்துக்குச் சங்கத்தின்ரை பணிப்பாளர் சபைக்காரர் வருவினம்.”

சதீஸ் சட்டென்று நிமிர்ந்தான். “எடுக்கலாம் ஐயா, ஒரு...”

“எடுக்கேலாது,” என்றாள் யதுர்ஷிகா. “விதியை மாத்தினால் தன்ரைபாட்டிலை போகும்.”

“விதியை நான் தனிய மாத்தேலாது தங்கச்சி. கூட்டத்திலைதான் கதைக்கவேணும். கதைக்கிறதெண்டாலும் நான் என்னத்தைக் கதைக்க? ஆரோ ஆற்றையோ பாலை ஊத்தினம் எண்டே? ஆர், எத்தினை பேர், என்ன பேர்? பேர் இல்லாத பாலுக்குக் கூட்டத்திலை கதைக்கேலாது.”

“அப்ப பேரோடை பதிஞ்சால்?”

“எப்பிடி?”

“அதே அட்டையிலை இரண்டாவது கான் வந்தால் திருப்பாமல், இது ஆற்றை பால் எண்டு பேர் கேக்கும். பேர் போட்டால் எடுக்கும். தண்ணி விட்டால் ஆள் தெரியும். கூட்டத்திலை கதைக்கிறதுக்கும் பேர் கிடைக்கும்.”

பொன்னையா யோசித்தார். “கூட்டம் முடியும் வரைக்கும் எண்டு போடும். தற்காலிகம். மல்லாவியை மூடுறதைக் கடைசியாக் கதைப்பம் எண்டு சொல்லுறன். அதுக்கு மேலை என்னட்டைக் கேளாதையும்.” எழும்பியவர் படியடியில் நின்று திரும்பிப் பார்த்தார். “பச்சையாக் கிடக்கேக்கை எனக்கு நித்திரையாவது வந்தது.”

அவர் போனதும் சதீஸ் கதிரையில் விழுந்தான். “இரண்டாம் கட்டம் அவ்வளவுதான்.”

யதுர்ஷிகா அருந்ததிக்குப் போன் எடுத்து, மாயாண்டியிடம் கொடுக்கச் சொன்னாள். பின்னால் பவுசரின் இரைச்சல் கேட்டது.

“பேரு போட்டா அப்புறம் காணி எங்கன்னு கேப்பாங்களாம்மா?” என்றார் மாயாண்டி.

“கேப்பினம் ஐயா. நான் பொய் சொல்லேல்லை. நல்லதுக்குக் கேக்கினமோ, காணியாலை எழுப்பக் கேக்கினமோ எனக்குத் தெரியாது.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

“இருக்கேன்,” என்றார் மாயாண்டி. “எத்தன வருசம் பால் ஊத்தியிருக்கேன், எந்தக் கணக்குலயும் என் பேரு இல்ல. போடுங்க. கேட்டா பதில் சொல்லிக்குறேன்.”

அன்று பின்னேரம்வரை அவள் எழுதினாள். சதீஸ் ஒரு கட்டத்தில் வந்து பின்னால் நின்றான். பேரைப் போடாமல் பொத்தானை அமத்தினால் என்ன வரும் என்று கேட்டான். பேர் தேவை என்று வரும் என்றாள். அவன் ஒரு எழுத்துப் பிழையைக் காட்டிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டம் தொடங்குவதற்கு முன்னமே அருந்ததி போனில் அழைத்தாள்.

“பிள்ளை, உதென்ன இது? முந்தி ஒரு வசனம் சொல்லிப்போட்டுச் சும்மா இருந்தது. இப்ப வாய் காட்டுது. பேர் எங்கை எண்டு கேக்குது. ஒருத்தி பேர் சொல்ல மாட்டன் எண்டு நிக்கிறாள், அது பேர் இல்லாமல் எடுக்க மாட்டன் எண்டு நிக்குது. நான் இரண்டுக்கும் நடுவிலை.”

“அவ ஏன் சொல்ல மாட்டன் எண்டுறா?”

“புருசன்காரன் ஏசுவானாம். அதுக்கு உம்மடை ஜாவா என்ன செய்யும்?”

“அதுக்கு ஒண்டும் செய்யாது அக்கா. மாயாண்டி ஐயாவின்ரை பால்?”

“அது தாங்கிக்குள்ளை போட்டுது. ஏறினதும் திரையைத் தன்ரை கண்ணாலை பாக்கோணும் எண்டு நிண்டவர். காட்டினன். பேரிலை ‘யா’வின்ரை காலைக் காணேல்லையாம். மாயண்டி எண்டு போட்டிட்டன். இப்ப அதை மாத்தச் சொல்லி என்னோடை சண்டை.”

“மாத்துங்கோ அக்கா.”

“எங்கை பிள்ளை மாத்துறது? மாத்திறதுக்கு உதிலை பொத்தான் இல்லையே.”

யதுர்ஷிகா கண்ணை மூடித் திறந்தாள். இல்லைத்தான். அவள் வைக்கவில்லை.

“ஐயாவை அதிலையே நிக்கச் சொல்லுங்கோ,” என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.